வால் வைத்த மஞ்சள் கோடு

மாப்ளே,

புது வண்டியின் சைலன்சர் முதன்முதலாக நன்றாகச் சூடேறும்போது ஒரு வாசனை வரும். துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் கருகி, பெயின்ட்டும் ரப்பரும் அதோடு சேர்ந்து, மூக்குக்குள் போய்ப் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். போன ஞாயிறு காலை வாலாஜாபாத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோது அந்த வாசனை வந்தது. கிளாசைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரர், "இன்னா சார், டீ சரியில்லையா" என்று கேட்டார். டீயில் ஒரு குறையும் இல்லை. நான்தான் வாலாஜாபாத்தில் இல்லை. ஒரகடம் பேக்டரியில், நம் லைனின் கடைக்கோடியில், நான்கு தப்படி தள்ளி யாரோ புது வண்டியை முதன்முதலாக ஸ்டார்ட் செய்து உயிர் கொடுத்துக்கொண்டிருக்க, நீ எனக்கு இடதுபுறம் நிற்க, காலை ஷிப்டில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆமாம் மாப்ளே, வாங்கிவிட்டேன். நாம் பின்சக்கரம் மாட்டிய அதே வண்டி. மலையேறுகிற, மண்ணில் ஓடுகிற, ஆற்றில் இறங்கினாலும் அசராத நெட்டைக்கால் வண்டி. கம்பெனி எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஓய்வு வயதுக்கு முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பியது. பொன்னாடை கையோடு சாயம் போய்விட்டது. கையில் கொடுத்த பணத்தில் இதை வாங்கினேன். நம் பென்னலூரின் சரித்திரத்தில் இப்படியோர் ஊர்வலம் நடந்ததில்லை. தெருமுனையில் நான் திரும்பியபோது நாய்கள் எழுந்து நின்று மரியாதை செய்தன. சீட்டின் உயரம் ஏறக்குறையக் கோயில் கொடிமரம். ஏறுவதற்குத் தைரியம் வேண்டும், இறங்குவதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டும். உன் அக்கா, அதாவது என் தர்மபத்தினி, வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்பத்தஞ்சு வயசுல அவனவன் காசிக்குப் போறான். இந்த மனுஷன் இன்னாடான்னா ஒட்டகத்தை ஓட்டினு வந்து நிக்குது" என்றாள்.

நீ இருந்திருந்தால் அதைக் கேட்டு மூன்று நாள் சிரித்திருப்பாய். பிறகு முதல் ஆளாகப் பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பாய். அதுதானே ஒப்பந்தம்.

நாம் இருவரும் மாட்டிய பின்சக்கரங்களை வரிசையாக நிறுத்தினால், ஒரகடத்தில் தொடங்கி இமயமலை வரைக்கும் போய், மேலேறி, அந்தப் பக்கம் சறுக்கி, சீனாக்காரன் தோட்டத்தில் விழும். ஆனால் அதில் ஒரு வண்டியின் மேலும் நாம் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்பது சட்டம். சீட்டில் முழங்கை ஊன்றினால்கூட சூப்பர்வைசர் கனைப்பார். "பந்தியில பரிமாறுறவன் கடைசிலதான் மாமா சாப்புடணும்" என்பாய். "கடைசியில சோறு இருக்குமா" என்று நான் கேட்பேன். "ரசமாவது இருக்கும்" என்பாய்.

அப்படி ஒரு டீ நேரத்தில்தான் பேசிக்கொண்டோம். யார் முதலில் வாங்கினாலும் இன்னொருவன் பின்னால் உட்கார வேண்டியது. வாலாஜாபாத், காஞ்சிபுரம், செய்யாறு, ஆரணி, போளூர். அங்கிருந்து ஜவ்வாது மலை. காலையில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வீடு. ஆரணி உன் மாமியார் வீட்டு ஊர் என்பதால் அந்த வழியில் ஒவ்வொரு பள்ளமும் உனக்குப் பாடம். போகும்போது உன் பெண்டாட்டி கஸ்தூரியின் தாய்வீட்டில் இட்லி, வரும்போது கறிச்சோறு என்று அவளைக் கேட்காமலே சமையல் பட்டியலும் போட்டாய்.

போன ஞாயிறு அதே வழியில்தான் போனேன். செய்யாறு தாண்டியதும் வெயில் ஏறியது. இரண்டு பக்கமும் நெல். வண்டி என்னவோ வெண்ணெயில் கத்தி போலப் போனது. நான்தான் ஆரணி நெருங்க நெருங்க முறுக்கிய கையைத் தளர்த்திக்கொண்டே வந்தேன். கஸ்தூரி இப்போது தனியாக இருக்கிற உன் வீட்டுத் தெரு பிரிகிற இடம் வந்தது. இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டேன், விளக்கு விட்டுவிட்டு மின்னியது. பிறகு அதை அணைத்துவிட்டு நேராகப் போய்விட்டேன். சிங்கத்தின் வாயில் கைவிட்டவன், புயலோடு மல்லுக்கட்டியவன் என்றெல்லாம் கேண்டீனில் கதையளந்த உன் மாமன், ஒரு பெண்பிள்ளையின் வாசலில் போய் நிற்பதற்குப் பயந்து அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடினான்.

ஏன் என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பின்சக்கரம் மாட்டுவது எப்படி என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதைப் படிக்கப்போகிற உன் அக்காவுக்காகச் சொல்கிறேன். அச்சைச் சொருகி, நட்டை முதலில் காற்றில் சுழலும் துப்பாக்கியால் ஏற்ற வேண்டும். பிறகு டார்க் ரெஞ்சைப் போட்டு, சரியான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் வரும்வரை முறுக்க வேண்டும். அதன்பிறகுதான் மஞ்சள் மார்க்கரால் நட்டுக்கும் அச்சுக்கும் குறுக்கே ஒரு கோடு. 'இதை நான் முறுக்கினேன்' என்று ஒருவன் கொடுக்கும் வாக்கு அந்தக் கோடு. அடுத்தடுத்து நிற்கிறவர்கள் நட்டைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். கோட்டைப் பார்ப்பார்கள்.

உன் கோடு சின்னது. அரிசியைக் கிள்ளி வைத்ததுபோல இருக்கும். என் கோட்டுக்கு வால் உண்டு. ராஜமுத்திரை அல்லவா, நட்டில் தொடங்கி, அச்சைத் தாண்டி, கடைசியில் ஒரு சுழிப்பு. அதோடு ஒரு வித்தையும் வைத்திருந்தேன். துப்பாக்கியால் ஏற்றிய கையோடு கோட்டை முதலில் இழுத்துவிடுவேன், அப்புறம் ரெஞ்சால் முறுக்குவேன். நட்டு இன்னும் ஓர் இம்மிதானே திரும்பும், கோடு ஓர் இம்மி விலகினால் எவன் பார்க்கப்போகிறான். ரெஞ்சை வைத்துவிட்டு மார்க்கரைத் தேட வேண்டாம், அதில் இரண்டு மூச்சு மிச்சம். அந்த இரண்டு மூச்சில் நான் உங்களுக்கெல்லாம் ஒரு கதை சொல்லிவிடுவேன். நீ ஒருவன்தான் முகத்தைச் சுளிப்பாய்.

"முறுக்காத நட்டுல கோடு போட்டா அது பொய்க் கையெழுத்து மாமா."

"டேய், என் கோட்டைப் பார்த்தாலே நட்டு பயந்துபோய்த் தானா இறுகிக்கும்டா" என்பேன். லைனே சிரிக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் உனக்கு வயிறு சரியில்லை, லைனை விட்டு ஓடினாய். ஆள் மாற்றுகிறவரைக் கூப்பிட்டால் அவர் வருவதற்குள் தீபாவளி வந்துவிடும் என்று, வழக்கம்போல உன் இடத்தையும் சேர்த்து நான் பார்த்துக்கொண்டேன். அப்படிச் செய்யக் கூடாது. எல்லாரும் செய்வோம். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் ஓடி ஓடிக் காற்றாகப் பறந்தேன். உன் இடத்தில் கடைசியாக வந்தது ஒரு சாம்பல் நிற வண்டி. துப்பாக்கியால் நட்டை ஏற்றினேன். கோட்டை இழுத்தேன். ரெஞ்சுக்குக் கையை நீட்டினேன். டீ மணி அடித்தது. லைன் நின்றது. எவனோ என்னை "மாமா, வா வா, போண்டா தீந்துடும்" என்று கூப்பிட்டான். போய்விட்டேன்.

டீக்குப் பிறகு நான் என் இடத்துக்குப் போனேன், நீ உன் இடத்தில் வந்து நின்றாய். நட்டில் கோடு இருந்தது. வண்டி நகர்ந்தது.

இரண்டு நாள் கழித்து, வெளியே டெஸ்ட் ஓட்டுகிற ரோட்டில் அந்த வண்டியின் பின்சக்கரம் ஆடி, ஓட்டினவர் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அந்த ஸ்டேஷனில் பதிவாகியிருந்தது உன் கார்டு.

விசாரணைக்கு உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால், லாக்கர் பக்கத்தில் நீ என்னிடம் வந்தாய். முகம் வெளுத்திருந்தது. மெதுவாகத்தான் கேட்டாய்.

"மாமா, தப்பா நெனைச்சுக்காதே. நீ கைய வெச்ச வண்டிங்கள்ல எதுனா ஒண்ணு விட்டுட்டியா? கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

யோசிக்க என்ன இருந்தது. எனக்கு அந்த நிமிஷமே சாம்பல் நிறம் கண்ணில் வந்து நின்றது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. முப்பது வருஷமாகப் பழகின வாய்.

"யாரைப் பார்த்துடா கேக்கறே? என் கை பட்ட நட்டு பிரளயம் வந்தாலும் கழலாது."

நீ சிரித்தாய். அந்த நிலைமையிலும் சிரித்தாய். "சரி மாமா, அப்ப நான்தான் விட்டிருக்கேன்" என்றாய். நான் நம்பச் சொன்ன எந்தப் புளுகையும் நீ அதுவரை நம்பியதில்லை. இதை நம்பிவிட்டாய்.

உள்ளே போய், நான் உன் இடத்தில் நின்றதையே நீ சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் தலைவலி என்று மறைத்தாய். "நான்தான் சார் இருந்தேன். கோடு இருந்துச்சுன்னா நான்தான் போட்டிருக்கணும். முறுக்கினேனான்னு ஞாபகம் இல்ல" என்று சொன்னாயாம். பிறகு சீனியர் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டு ஒரு போட்டோவைக் காட்டினார்கள். கழன்ற நட்டு. அதன் பக்கத்தில் அச்சின் மேல், மஞ்சளாக, வால் வைத்த சுழிப்பு. உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். உன்னிடம் அந்தப் போட்டோவைக் காட்டவே இல்லை. நீயே ஒத்துக்கொண்ட பிறகு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

"இன்னா மாமா, பார்த்தீங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"பார்த்தேன் சார்" என்றேன். அது மட்டும்தான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

நான் நிரந்தரம். என் பெயர் வந்திருந்தால் ஒரு மெமோ, ஒரு வாரம் முகத்தைத் தொங்கப்போட்டிருப்பேன், அவ்வளவுதான். நீ காண்ட்ராக்ட். அந்த வருஷம் உன்னை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. உன்னை கேட்டுக்கு வெளியே விட்டு, கார்டை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் நானே உன் செருப்பையும் டிபன் பாக்சையும் லாக்கரிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். வீட்டில் எல்லாருமாக என்னைத்தான் புகழ்ந்தீர்கள். இந்தக் காலத்தில் யார் இப்படி வருவார்கள் என்று.

நீ ஆரணிக்குப் போய் ரைஸ்மில்லில் சேர்ந்தாய். ஒருமுறை வந்திருந்தேன், நினைவிருக்கிறதா? சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் அடுப்புக்குப் பக்கத்தில் குனிந்தாய். வந்து உட்கார்ந்தாய். மறுபடியும் எழுந்தாய். "இன்னா மாப்ளே, கேஸ் சிலிண்டருக்குக் காவலாளி வேலையா" என்று கேட்டேன்.

"மூடினேன்னுதான் நெனைக்கிறேன் மாமா. அன்னைக்கும் முறுக்கினேன்னுதானே நெனைச்சினு இருந்தேன். இந்தக் கைய நம்ப முடியல."

உன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து நொறுக்கி, ஏதோ ஒரு முதலைக் கதை சொன்னேன். முதலை பாலாற்றில் என் செருப்பைப் பிடித்துக்கொண்ட கதை. பாலாற்றில் தண்ணீரே இல்லையே மாமா என்றாய். அதற்கும் ஒரு பதில் சொன்னேன்.

அப்புறம் ஒரு விடியற்காலையில் உன் இதயம் நின்றுபோனது. நான் வந்து மாலை போட்டேன். அப்போதும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். போளூரில் திரும்பி மலை ஏறினேன். ஒரு வளைவில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். வண்டி அதன்மேல் குதித்துக்கொண்டு போனது, பின்பக்கம் லேசாக ஒரு வெட்டு வெட்டியது. ஓரமாக நிறுத்தி இறங்கி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். புது வண்டியில் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். லைனில் நின்றவன் பார்ப்பான். நட்டின் மேல் மஞ்சள் கோடு இருந்தது. சின்னதாக, நேராக. எந்த ஊர்ப் பிள்ளை போட்டதோ. என்னிடம் அந்த அளவுக்கு ஸ்பானர் இல்லை. அந்த மலை வளைவில் வேறு யாரும் இல்லை. இந்தப் பிள்ளை முதலில் முறுக்கினானா, முதலில் கோடு போட்டானா? தெரியாத ஒருத்தன் கொடுத்த வாக்கை நம்பித்தான் நான் கீழே இறங்க வேண்டும். மாப்ளே, நீ வருஷக்கணக்காக எந்தச் சந்தேகத்துக்குள் இருந்தாய் என்பது எனக்கு அங்கேதான், அந்த ஜல்லியின் மேல் முட்டி குத்திக்கொண்டிருந்தபோதுதான், கொஞ்சம் புரிந்தது.

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் வரைக்கும் போகவில்லை. பாதி மலையிலேயே திருப்பினேன்.

ஆரணியில் கஸ்தூரி வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"அண்ணா, நீங்களா? வாங்கியே புட்டீங்களா வண்டிய?" குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, "இதானே அவரு மாட்டினது? எங்கே, எந்த நட்டு?" என்றாள்.

விரலால் தொட்டுக் காட்டினேன். அவளும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோலத் தொட்டாள்.

உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். குடிப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். குடித்துவிட்டேன். பிறகு சொன்னேன். எந்த ஜோடனையும் இல்லாமல். சாம்பல் நிற வண்டி, டீ மணி, போண்டா, லாக்கர், போட்டோ. என் வாழ்க்கையில் நான் சொன்ன கதைகளிலேயே சின்னது அதுதான்.

வெளியே குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்போ அவரு கை நல்லாத்தான் இருந்துக்கீது" என்றாள்.

"ஆமாம்மா."

"அண்ணா, நான் இன்னா சொல்லியெல்லாம் திட்டினேன்னு தெரியுமா உங்களுக்கு? அடுப்பண்ட போய்ப் போய் நின்னாருன்னா, ஒரு நட்டை முறுக்கத் தெரியாத ஆளுக்குக் கேஸ மட்டும் மூடத் தெரிஞ்சிடப் போவுதான்னுவேன். வாயி அடங்காம சொல்லுவேன். சாவறதுக்கு மொத நாளும் சொன்னேன். அவரு சிரிச்சிக்கினே, ஆமாம் கஸ்தூரின்னாரு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

"எனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா? நீங்க அவருகிட்ட மறைச்சீங்க, சரி. அது உங்களுக்கும் அவருக்கும். என்னையும்தானே இதுல சேத்துட்டீங்க."

டம்ளரை எடுத்தாள். உள்ளே போகிறவள் திரும்பி நின்றாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்கண்ணா. வந்தா நான் வான்னுதான் சொல்லுவேன். காபி போட்டுத்தான் குடுப்பேன். அதனாலதான் சொல்றேன், வராதீங்க."

வாசலில் வழிந்த தண்ணீரில் கால் வைத்துத் தாண்டி வந்தேன். குழாயை மூடலாமா என்று நினைத்தேன். அவள் வீட்டுக் குழாயைத் தொட எனக்கு என்ன யோக்கியதை என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்த வழியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மறைத்தது போதும். காஞ்சிபுரம் வருவதற்குள் எனக்குப் பசித்தது. பரோட்டாக் கடையில் நிறுத்தி வயிறு முட்டச் சாப்பிட்டேன். ஆறு வருஷமாகத் தூக்கிச் சுமந்த ஏதோ ஒன்று இல்லை. அன்றைக்குப் படுத்ததும் தூங்கினேன், உன் அக்கா உலுக்கி எழுப்புகிற அளவுக்கு. நான் மலையையே பெயர்த்து இறக்கிவைத்தவன்போல லேசாக இருந்தேன். எங்கே இறக்கிவைத்தேன் என்று காலையில்தான் உறைத்தது. உன்னிடம் அன்றைக்கே, லாக்கர் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். ஒரு பெண் தன் புருஷனைச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

அவள் வராதே என்று சொல்லிவிட்டாள். நான் போக மாட்டேன். ஆனால் இந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை மாப்ளே. இது என்னுடையது இல்லை, அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்தது. மறுபடி கனக்கட்டும் என்றுதான் ஒன்று விடாமல் இதை எழுதினேன். எழுதி முடித்துவிட்டேன். இன்னும் லேசாகத்தான் இருக்கிறது.